எடமலைப்பட்டி புதூர் – ஸ்ரீரங்கம், வழி: பாலக்கரை

திருச்சியில் இன்று தெருவுக்கு ஒரு பையன் ராப் பாடுகிறான். மருதை ஆரம்பித்த காலத்தில் அந்தச் சொல்லே ஊருக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. பாட்டு என்று நினைத்தும் அவர் அதைத் தொடங்கவில்லை. எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற தனியார் டவுன் பஸ்ஸில் அவர் கண்டக்டர். நாள் முழுவதும் நிறுத்தங்களின் பெயரைக் கத்திக் கத்திச் சலித்துப்போய், ஒருநாள் அதற்கு எதுகை வைத்தார்.

“ஜங்ஷன் போனா ரயிலு, சத்திரம் போனா வெயிலு, சில்லறை இல்லன்னா எறங்கு, நடந்து போயி பழகு.”

பயணிகள் சிரித்தார்கள். சில்லறையும் வந்தது. அவர் தெருக்காரரும் கூட்டாளியுமான பிச்சைமுத்து வேலைக்குப் போகும்போதெல்லாம் கடைசி சீட்டில் உட்கார்ந்து, முன் சீட்டின் தகர முதுகில் இரண்டு கையாலும் தாளம் போடுவார். ஒருவர் கத்த, ஒருவர் தட்ட, புதூரில் கிளம்பிய பேச்சு ஸ்ரீரங்கம் போய்ச் சேரும்வரை அறுபடாது. இரண்டாயிரமாவது வருஷம் இருவரும் கைக்காசைப் போட்டு அதை ஒரு கேசட்டாக்கினார்கள். தலைப்புக்கு யோசிக்கவே இல்லை. பஸ்ஸின் நெற்றிப் பலகையில் இருந்ததை அப்படியே அட்டையில் எழுதினார்கள்.

அந்த ஆல்பம் இன்றைக்கும் விற்கிறது. கேசட்டாக விற்றது, சி.டி.யாக விற்றது, மெமரி கார்டாக விற்றது, இப்போது பென்டிரைவாக விற்கிறது. நடுவில் எத்தனையோ சினிமாப் பாட்டுகள் வந்து ஊரை ஆட்டிவிட்டுப் போய்விட்டன. மருதையின் பாட்டு மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

அதன் ரகசியம் சாமி வரமும் இல்லை, ஜாதக பலமும் இல்லை, ரோடுதான். ஆல்பத்தில் தனித்தனிப் பாட்டு கிடையாது. டிரைவர் ஓட்டிக்கொண்டே பட்டன் அமுக்க முடியாது என்பதால் முழுக்க ஒரே நீளப் பாட்டு. புதூரில் பஸ் உறுமத் தொடங்கும்போது போட்டால், கிராப்பட்டியில் கிராப்பட்டியைப் பற்றிப் பாடும், ஜங்ஷனில் ஜங்ஷனைப் பற்றி. பிறகு பாலக்கரை, மெயின்கார்டு கேட், சத்திரம், காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, அம்மா மண்டபம். தனியார் பஸ்களுக்குள் நேரப்போட்டி கடுமை. பின்னால் வருகிறவன் முந்திவிடுவான் என்பதால் நிமிஷம் தவறாமல் ஓட்டுவார்கள். அந்த நிமிஷங்களுக்குத்தான் மருதை வரி அளந்து வைத்திருக்கிறார். ஊரில் ரோடு சும்மா இருக்காது. ஒரு வருஷம் ஒருவழிப் பாதை வரும், ஒரு வருஷம் பாலத்தைப் பழுது பார்க்க மூடுவார்கள், ஒரு நிறுத்தம் நூறடி தள்ளிப் போகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மருதை ஒரு புதுப் பதிப்பு போடுவார். டிரைவர்கள் மறுபடி வாங்கித்தான் ஆகவேண்டும். திருட்டுக் காப்பி எடுத்தவன் கையில் பழைய ரோடுதான் இருக்கும்.

பதிவு செய்யும் இடம் ஸ்ரீரங்கத்தில் மாதவன் என்பவரின் ஸ்டூடியோ. பக்திப் பாடல்கள் பதிகிற இடம். அஷ்டமி, நவமியில் அங்கே எந்தப் பாகவதரும் வாயைத் திறக்கமாட்டார். அன்றைக்குப் பாதி வாடகை. மருதையின் எல்லாப் பதிப்புகளும் அஷ்டமியில் பிறந்தவைதான். நல்ல நாள் பார்த்துப் பதிந்த ஆல்பங்கள் மாதவனின் அலமாரியில் கட்டுக்கட்டாகத் தூங்குகின்றன. இதைச் சொல்லி மருதை மாதவனைச் சீண்டாத வருஷமில்லை. மாதவன், “உங்க ராசி அப்படி” என்பார். “என் ராசி இல்ல சாமி, உங்க வாடகை அப்படி” என்பார் மருதை.

முதலாளி பஸ்ஸை விற்றபோது மருதையின் கண்டக்டர் வேலை போனது. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் பிடிக்கிறார். ஞாயிறு சாயங்காலம் சத்திரம் பேருந்து நிலையத்தில் டிபன் டப்பா நிறையப் பென்டிரைவோடு நிற்பார். டிரைவர்கள், லோடு வேன்காரர்கள், முடி திருத்துகிற கடைக்காரர்கள், வெளியூர் போய்விட்ட பிள்ளைக்கு அனுப்ப வாங்கும் தாய்மார்கள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும்.

இத்தனை இருந்தும் அவருக்கு ஒரு குறை. இந்த விற்பனை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஒரு கல்லூரி விழாவுக்கு அவரை அழைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் அரவிந்தன் என்ற இளம் ராப்பர், நல்ல பையன், மரியாதையாகத்தான் கேட்டான், பாட்டுச் செயலியில் அவரை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று. செயலியில் நான் இல்லையே என்றார் மருதை. பையன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “அப்ப நீங்க இல்லவே இல்லையேண்ணா” என்று சிரித்தான். கேலி இல்லை, ஆச்சரியம்தான். ஆனால் ஐம்பது வயதை எட்டிய ஒரு மனுஷனுக்கு அது எங்கே தைக்குமோ அங்கே தைத்தது. அன்றிலிருந்து தான் இருந்ததற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

சாட்சி தானாகவே தேடி வந்தது. சுபஸ்ரீ ஸ்ரீரங்கத்துப் பெண். கல்லூரிக்கு இந்தப் பாட்டு ஓடிய பஸ்ஸில்தான் போனாள். இப்போது சென்னையில் ஒரு பெரிய பாட்டுக் கம்பெனியில் வேலை. இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு என்று சொல்லி, ஆல்பத்தை எல்லாச் செயலிகளிலும் மருதையின் பெயரில் ஏற்றலாம் என்று அவளே அலைந்து மேலிடத்தின் சம்மதத்தை வாங்கியிருந்தாள். மருதைக்குச் சந்தோஷத்தில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவளே மறுபடி பேசினாள். குரலில் தயக்கம் இருந்தது.

“பாலக்கரை வர்ற ஒரு நிமிஷம் மட்டும் வேணாம்ங்கிறாங்க சார். கோபுரம்னு வருது, தெருன்னு வருது. சர்ச்சை ஆயிடுமாம். மத்தபடி ஒரு வார்த்தையும் தொடமாட்டாங்க.”

அந்த ஒரு நிமிஷம் என்ன என்பதைச் சொல்லவேண்டும். கேசட்டில் அது கிடையாது. கேசட் வந்து ஆறு வருஷம் கழித்து, பாலக்கரைப் பக்கம் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டது. காண்ட்ராக்டர் ஒருவர் துப்புரவு வேலை பார்த்த பிச்சைமுத்துவை இறக்கினார். கயிறு இல்லை, முகமூடி இல்லை. உள்ளே விஷவாயு இருந்தது. தகரத்தில் தாளம் போட்ட அந்தக் கைகள் பிறகு அசையவே இல்லை. காண்ட்ராக்டர் வழக்கில் இருந்து நழுவி, அடுத்த ஊரில் அடுத்த வேலையை எடுத்தார். மனிதனைக் குழியில் இறக்கக்கூடாது என்று சட்டம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. நிலாவில் வண்டி இறக்கத் தெரிந்த தேசத்துக்கு, சாக்கடையில் ஒரு எந்திரத்தை இறக்க மட்டும் இன்னும் கை வரவில்லை. இறக்க வேறு ஆள் இருக்கிறபோது எந்திரம் எதற்கு என்பதுதான் உள்ளிருக்கும் எண்ணம். அந்த எண்ணத்துக்குப் பெயர் சாதி. அதற்கு வேறு நாகரிகமான பெயர் வைக்கத் தேவையில்லை.

அடுத்த பதிப்பில் மருதை பாலக்கரையில் பழைய வரிகளை எடுத்துவிட்டு இந்த வரிகளை வைத்தார்.

மூடியத் தூக்கினா முத்து எறங்கணும்,
மூச்சப் புடிச்சா மூணு பேர் பொழைக்கணும்.
மேல நிக்கிறவன் மூக்கப் பொத்துறான்,
கீழ போனவன் பேரக் கேட்டானா?
கோபுரம் பாக்க ஆயிரம் பேரு,
குழியில எறங்க ஒரே தெரு.

முத்து செத்தது அந்தக் கம்பெனி மேலிடத்துக்குச் சர்ச்சையாகத் தெரியவில்லை. செத்தான் என்று சொல்வதுதான் சர்ச்சை.

சுபஸ்ரீயைக் குறை சொல்ல மருதைக்கு மனம் வரவில்லை. “சரிம்மா” என்றார். வீட்டில் மனைவி அழகம்மாளிடம் ஆல்பம் செயலியில் வரப்போகிறது என்று மட்டும் சொன்னார். வெட்டுவதைச் சொல்லவில்லை. அழகம்மாள், பிச்சைமுத்துவின் தங்கை.

அழகம்மாள் பிளவுஸ் தைக்கிறவர். புதூரில் பாதிப் பெண்களின் அளவும் பாதி வீடுகளின் சண்டையும் அவருக்குத் தெரியும். ஆல்பத்தை உலகம் பூராவும் கேட்கப்போகிறது என்று தைக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அண்ணன் பெயரும் அதோடு சேர்ந்து போகும் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மருதைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பதிப்பையும் பஸ்ஸில் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். டிரைவர் நவ்ஷாத் வண்டியில்தான் சோதனை ஓட்டம். மாதவனை வைத்து அந்த நிமிஷத்தை வெட்டி, பென்டிரைவை நவ்ஷாத்திடம் கொடுத்தார். பட்டறையில் வேலையாக இருக்கும்போதே போன் வந்தது.

“என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க? ஸ்பீக்கர்ல காவிரி வந்துருச்சு, நான் இன்னும் சத்திரத்துல ஆள் ஏத்திக்கிட்டு நிக்கிறேன். ஆத்துல குளிக்கலாம் வாங்கன்னு உங்க பாட்டு கூப்பிடுது. ஜனம் என்னப் பாத்துச் சிரிக்குது.”

மருதை இதை யோசிக்கவே இல்லை. பாலக்கரையில் ஒரு நிமிஷத்தை எடுத்தால் அதற்குப் பிறகு வருகிற ஊர் மொத்தமும் ஒரு நிமிஷம் முன்னால் வந்துவிடுகிறது. நவ்ஷாத் அடுத்த நடையில் இன்னும் கோபமாகக் கூப்பிட்டார். ஸ்ரீரங்கம் வருவதற்குள் பாட்டு முடிந்து, வாழைக்காய் மூட்டையோடு வந்த ஒருவர், இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது என்று அம்மா மண்டபத்திலேயே இறங்கிவிட்டாராம். பழக்கதோஷம். பாட்டை வைத்தே இறங்குகிறவர்கள் ஊரில் நிறையப் பேர்.

இதை சுபஸ்ரீயிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். பிறகு, அந்த இடத்தில் வார்த்தை இல்லாமல் வெறும் தாளத்தை மட்டும் அதே நீளத்துக்குப் போட்டுவிடலாமே என்று வழி சொன்னாள். மாதவன் அதையும் செய்து கொடுத்தார். கணக்கு சரியாகிவிட்டது. கணக்கு மட்டும்தான்.

இரண்டாவது சோதனை ஓட்டத்துக்கு மருதையே ஏறினார். கிளம்புகிற நேரத்தில் அழகம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். சின்னக்கடை வீதியில் நூல்கண்டும் ஹூக்கும் வாங்கவேண்டும், உங்களோடவே வரேன் என்றார். இன்னொரு நாள் போகலாமே என்று மருதை இழுத்துப் பார்த்தார். தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது, இன்னொரு நாள் எங்கிருந்து வரும் என்று கேட்டுவிட்டு அழகம்மாள் முன்வாசலில் ஏறி, பெண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். மருதை பின்வாசலில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் பொருந்தாமல் எழுந்து நின்றார்.

ஜங்ஷன் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ரயில் வந்தது, சிரிப்பு வந்தது. முன்னால் அழகம்மாள் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பது மருதைக்குத் தலையசைவில் தெரிந்தது. பாலக்கரை திரும்பியது. தாளம் விழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பஸ்ஸில் யாரும் முதலில் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறகு கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெண், டியூஷனுக்குப் போகிற வயதுதான், வாய்க்குள்ளேயே ‘மூடியத் தூக்கினா’ என்று ஆரம்பித்து, கூட வேறு குரல் வராததால் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள். கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த வேலம்மாள் என்கிற வியாபாரி, எப்போதும் இந்த பஸ்ஸில் வருகிறவர், ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்ப்பா கண்டக்டரு, முத்து எங்க? இன்னும் எறங்கல?”

கண்டக்டர் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். பின்னால் ஒரு இளைஞர், முத்து என்று நிஜமாக ஒரு ஆள் இருந்தாரா, சும்மா பாட்டுக்கு வைத்த பெயர் என்றல்லவா நான் நினைத்தேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பக்கத்தில் இருந்தவர், இருந்தார், எங்கள் அப்பாவுக்குத் தெரியும், நன்றாகத் தாளம் போடுவார் என்றார். மருதைக்கு இரண்டடி தூரத்தில் இந்தப் பேச்சு நடந்தது. அவர் படிக்கட்டுப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

முன் சீட்டில் பக்கத்துக்காரம்மா அழகம்மாளிடம் ஸ்பீக்கர் போய்விட்டதா என்று கேட்டார். அழகம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் குரல் கடைசி சீட்டு வரை வந்தது.

“ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. பாட்டுக்காரருக்குத்தான் பயம் வந்துருச்சு.”

மெயின்கார்டு கேட்டில் அவர் இறங்கினார். மருதையும் இறங்கிப் பின்னாலேயே போனார். அழகம்மாள் நூல் வாங்கினார், ஹூக் வாங்கினார், பில்லைச் சரிபார்த்தார். கடைக்காரர் மருதையை அடையாளம் கண்டு, அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டார். மருதை நூல் பையைக் கையில் வாங்கிக்கொண்டார். தெருவுக்கு வந்த பிறகு அவரே எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். அரவிந்தன் சொன்னது, செயலி, சுபஸ்ரீ, மேலிடம், தனக்கும் ஒரு பெயர் வேண்டாமா என்பது. அழகம்மாள் கேட்டுக்கொண்டே நடந்தார். தெப்பக்குளத்துப் பக்கம் வந்ததும் நின்றார்.

“உங்களுக்குப் பேரு வேணும்னா வாங்கிக்கங்க. வேணாம்னு நான் சொல்லல. எங்கண்ணன் பேரைக் குடுத்து வாங்காதீங்க.”

திரும்பும் பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் டிக்கெட்டை அழகம்மாள்தான் இரண்டாக எடுத்தார்.

வீட்டுக்கு வந்து மருதை சுபஸ்ரீக்குப் போன் போட்டார். “முழுசாப் போடுறதா இருந்தா போடுங்கம்மா. இல்லாட்டி விட்டுடுங்க” என்றார். மேலிடத்தில் மறுபடி சண்டை போட்டுப் பார்க்கிறேன் என்றாள். போட்டும் பார்த்தாள். சில நாளில், இப்போதைக்கு இல்லை என்ற பதில் வந்தது. அந்தப் பதிலோடு அவள் தன் சொந்தக் காசில் பத்து பென்டிரைவுக்குச் சொல்லிவைத்தாள், ஆபீசில் எல்லாருக்கும் கொடுக்க. மேலிடத்துக்கும் ஒன்று என்றாள்.

ஆக, அரவிந்தனின் போனில் மருதை இன்றைக்கும் இல்லை. அது அவருக்கு வருத்தம்தான். வருத்தமில்லை என்று அவர் சொல்லிக்கொள்வதும் இல்லை.

இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பை மருதை தானே போடுவதாக முடிவு செய்தார். பழைய பென்டிரைவிலிருந்து அந்த நிமிஷத்தை எடுத்து ஒட்டிவிடலாம், ஐந்து நிமிஷ வேலை என்றார் மாதவன். கூட வந்திருந்த அழகம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. அது அப்போது சொன்னது, வெட்டின வாயாலேயே இப்போது மறுபடி சொல்லட்டும் என்றார். மாதவன் மருதையைப் பார்த்தார். மருதை மைக் முன்னால் போய் நின்றார்.

நான்கு வரி சரியாக வந்தது. ஐந்தாவதில் மூச்சு வாங்கியது. பட்டறைத் தூசியும் வயதும் சேர்ந்து வேலை செய்தன. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி அதே இடத்தில் நின்றது. அடுத்த முறை மூச்சு இருந்தது, வார்த்தை வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஓரமாக உட்கார்ந்திருந்த அழகம்மாளுக்குப் பொறுமை போயிற்று. எழுந்து வந்து, தோளால் அவரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, தைத்த துணிக்குக் கூலி சொல்கிற அதே குரலில் சொன்னார்:

“கோபுரம் பாக்க ஆயிரம் பேரு. குழியில எறங்க ஒரே தெரு.”

சொல்லிவிட்டு, இதற்கா இவ்வளவு நேரம் என்பதுபோல் மருதையைப் பார்த்தார். ராகம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. தாளத்துக்கு வெளியே இம்மியும் போகவில்லை. பிச்சைமுத்து சாப்பாட்டுத் தட்டில் தாளம் போட்ட வீட்டில் வளர்ந்தவர், எப்படிப் போகும்? மாதவன் ஓட்டிப் போட்டுக் காட்டினார். என் குரல் காக்கா மாதிரி இருக்கிறது, அழித்துவிடுங்கள் என்று அழகம்மாள் எவ்வளவோ சொன்னார். மருதை அதை மட்டும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு அந்தப் பதிப்பு சத்திரத்துக்கு வந்தது. ரோடு எதுவும் மாறாமலேயே டிரைவர்கள் புதிதாக வாங்கியது அதுதான் முதல் தடவை. பாலக்கரையில் ஒரு பெண்குரல் வருகிறதாமே என்று கேட்டு வாங்கினார்கள். டிபன் டப்பா காலியாகி, மறுநாள் மாதவனிடம் இன்னும் கொஞ்சம் பதிந்துதரச் சொல்லவேண்டியதாயிற்று.

பண்டிகைக் கூட்டத்தில் ஒருநாள் அழகம்மாள் ஸ்ரீரங்கத்துக்குத் தைத்த துணி கொடுக்கப் போனார். நவ்ஷாத் வண்டிதான். கால் வைக்க இடமில்லை. மடியில் துணிப்பொதியோடு எப்படியோ உட்கார்ந்துவிட்டார். பாலக்கரை வந்தது. நின்றவர்கள் உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். ஸ்பீக்கரில் அந்த இரண்டு வரி வந்து போயிற்று.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிலிர்த்துப்போய்க் கையைத் தேய்த்துக்கொண்டார்.

“யாரும்மா அது? வயித்துல கல்லு விழுந்த மாதிரி இருக்கே, அந்தக் குரல்.”

அழகம்மாள் பொதியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.

“தெரியலயேக்கா” என்றார். “முத்துவுக்கு வேண்டியவங்களா இருக்கும்.”